மருந்துக் கம்பெனிக்கு இரண்டு நாக்கு

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார் ஒரு நூல் மில் தொழிலாளி. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்த மருந்துக் கடைக்காரர், "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை ஆயிற்றே!" என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அன்றிரவு வீட்டில் ஒரே ரகளை. "எனக்குப் பைத்தியம் என்றா டாக்டர் முடிவு கட்டிவிட்டார்?" என்று மாத்திரையைச் சாக்கடையில் வீசிவிட்டு, எரிகிற காலோடு ஷிப்டுக்குப் போகிறார் அவர். யூனியன் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள் இம்மாதிரிக் கதைகளை அடிக்கடி கேட்கிறோம். டாக்டர் ஏமாற்றிவிட்டாரா, மருந்துக் கடைக்காரர் பொய் சொன்னாரா என்பதுதான் நம்மிடம் வருகிற கேள்வி.

இரண்டும் இல்லை. அந்த மாத்திரையின் பெயர் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கென்று 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. பிற்பாடு, குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு எரிச்சலையும் அது தணிக்கிறது என்று டாக்டர்கள் கண்டார்கள். பிரிட்டனில் சர்க்கார் வகுத்த வைத்திய வழிகாட்டுதலிலேயே நரம்பு வலிக்கு முதலில் கொடுக்கத்தக்க மருந்துகளில் ஒன்றாக அது இருக்கிறது. கடைக்காரர் சொன்னதும் நிஜம், டாக்டர் செய்ததும் சரி. ஆனால் இந்த விவரத்தை இரண்டு வார்த்தையில் நோயாளிக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை!

ஒரு கம்பெனி மருந்தை விற்கவேண்டுமானால் இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இன்னாருக்குக் கொடுத்துச் சோதித்தோம், இன்ன பலன் கண்டோம் என்று சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவிடம் கணக்குக் காட்ட வேண்டும். இலாகா பார்த்து, இந்த நோய்க்கு விற்கலாம் என்று அனுமதி தரும். அந்த நோயின் பெயர் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் அச்சாகும். அந்தக் காகிதத்தில் இல்லாத நோய்க்கு டாக்டர் அதே மருந்தை எழுதிக் கொடுப்பதைத்தான் 'ஆஃப் லேபிள்' என்கிறார்கள். நாம் அனுமதிக்கு அப்பாற்பட்ட உபயோகம் என்று சொல்லிக் கொள்வோம்.

இது குற்றமா? இல்லை. பெரியவர்களிடம் மட்டுமே சோதித்த மருந்துகள் ஏராளம். குழந்தைக்குச் சீக்கு வந்தால் டாக்டர் அவற்றில் ஒன்றைத்தானே எடுத்துக் கொடுக்க முடியும்? புற்றுநோய் வைத்தியத்திலும் இது அன்றாட விஷயம். கண்ணெதிரே நோயாளி துடிக்கும்போது காகிதத்தைக் காட்டி டாக்டரின் கையைக் கட்டிப் போடுவது நியாயமல்ல. நம் சண்டை டாக்டரின் பேனாவோடு அல்ல. அந்தப் பேனாவை யார் பிடித்து எழுத வைக்கிறார்கள் என்பதுதான் நமக்கு விஷயம். பத்தாவது வரை படித்த நான் மருந்தைப் பற்றி டாக்டர்களுக்குப் பாடம் சொல்ல வரவில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வருகிறேன். அதைப் படிக்க நமக்குப் பழக்கம் உண்டு.

விற்கிற நாக்கு

அமெரிக்காவில் பார்க் டேவிஸ் என்றொரு கம்பெனி, வார்னர் லாம்பர்ட் என்ற பெரிய கம்பெனியின் ஒரு பிரிவு. 1993 டிசம்பரில் அது நியூரான்டின் என்ற மருந்துக்கு அனுமதி பெற்றது. எதற்கு? காக்காய் வலிப்பில் ஒரு வகைக்கு. அதுவும் வேறு வலிப்பு மருந்தோடு துணை மருந்தாகச் சேர்த்துக் கொடுப்பதற்கு. இப்படி ஒரு மருந்துக்கு எத்தனை பேர் கிராக்கி? யானைப் பசிக்குச் சோளப்பொரி!

கம்பெனி யோசித்தது. இன்னொரு நோய்க்கு அனுமதி வேண்டுமென்றால் சோதனை நடத்த வேண்டும். வருஷக் கணக்கில் ஆகும். சோதனையில் மருந்து தோற்றுப் போனாலும் போகலாம். அதைவிட டாக்டர்களைப் பிடிப்பது சுலபம். மன அழுத்தமும் வெறியும் மாறி மாறி வரும் மனநோய், ஒற்றைத் தலைவலி, நரம்பு வலி, துறுதுறுவென்று நிலைகொள்ளாத குழந்தைகள் என்று சகலத்துக்கும் நியூரான்டின் நல்லது என்று ஓதிக்கொண்டே போனார்கள். டாக்டர்களை ஹவாய் தீவுக்கும், புளோரிடாவுக்கும், 1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்துக்கும் அழைத்துப் போனார்கள். பிரசங்கம் செய்த டாக்டருக்கும் பணம், உட்கார்ந்து கேட்ட டாக்டருக்கும் பணம். இன்னும் கேளுங்கள்: டாக்டர் நோயாளியைப் பரிசோதிக்கும் அறையிலேயே கம்பெனியின் ஆள் உட்கார்ந்து, இவருக்கு நியூரான்டின் கொடுக்கலாமே என்று யோசனை சொல்வதற்கும் டாக்டருக்குப் பணம் கொடுத்தார்கள். வியாதிக்காரன் சட்டையைக் கழற்றி நிற்கிறான்; பக்கத்தில் வியாபாரி நிற்கிறான்!

மருந்து வேலை செய்ததா? மேலே சொன்ன மனநோய்க்குக் கம்பெனியே பணம் போட்டு ஒரு சோதனை நடத்தியது. அதன் முடிவு 2000இல் பிரசுரமானது. ஒரு பாதிப் பேருக்கு நியூரான்டின், மறுபாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் கூடுதலாகக் குணம் தெரிந்தது. விற்பனை அதற்காக நின்றுவிடவில்லை.

இந்தக் குட்டை உடைத்தவர் டேவிட் ஃபிராங்க்ளின் என்ற விஞ்ஞானி. 1996இல் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். டாக்டர்களுக்கு விஞ்ஞான விளக்கம் தருவதுதான் உத்தியோகம் என்று நினைத்துப் போனால், பொய் சொல்லி விற்பதுதான் உத்தியோகம் என்று தெரிந்தது. சில மாதங்களில் வெளியேறி, அதே ஆண்டில் வழக்குப் போட்டார். ஏழைகளின் வைத்தியத்துக்காக அமெரிக்க சர்க்கார் நடத்தும் மெடிக்கெய்டு திட்டத்தின் பணம் இந்தப் பித்தலாட்டத்தால் கொள்ளை போகிறது என்பது அவர் வழக்கு. எட்டு வருஷம் இழுத்தது. இடையில் 2000இல் வார்னர் லாம்பர்ட்டை ஃபைசர் கம்பெனி விழுங்கிவிட்டது. 2004 மே மாதம் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 24 கோடி கிரிமினல் அபராதம். சட்டப்படி ஃபிராங்க்ளினுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

43 கோடி டாலர்! கேட்டால் தலை சுற்றுகிறது. ஆனால் கணக்குப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டு ஒரு வருஷத்தில் மட்டும் நியூரான்டின் விற்ற தொகை சுமார் 270 கோடி டாலர். அப்படியென்றால் அபராதம் முழுவதும் சேர்ந்து இரண்டு மாத விற்பனைகூட இல்லை. விலை மலிவாக இருந்தால் குற்றமும் ஒரு மூலப்பொருள்தான். பஞ்சு விலை, கரண்டு கட்டணம், அபராதம் என்று ஒரே வரிசையில் எழுதிவிட்டுப் போகிறான் கணக்குப்பிள்ளை.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். அக்கி வந்து ஆறிய பிறகு நிற்கிற நரம்பு வலிக்கு நியூரான்டின் பலன் தருகிறது என்று முறையான சோதனையில் தெரிந்து, 2002இல் அதற்கு அனுமதியும் கிடைத்தது. சோதித்துக் காட்டினால் அனுமதி கிடைக்கும் என்பதற்கு அதே மருந்தே சாட்சி. மற்ற நோய்களுக்கு ஏன் அந்த வழியில் போகவில்லை என்று யூகிக்க நிபுணர் தேவையில்லை.

அதற்குப் பிறகாவது பயந்தார்களா? 2009இல் அதே ஃபைசர், பெக்ஸ்ட்ரா என்ற வலி மருந்து முதலானவற்றை அனுமதி இல்லாத உபயோகங்களுக்கு விற்ற வழக்கில் 230 கோடி டாலர் கட்டியது. 2012இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 300 கோடி. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லாத பாக்ஸில் மருந்தை அவர்களுக்கென்று பிரசாரம் செய்ததும் அந்தக் குற்றப் பட்டியலில் ஒன்று. 2013இல் ஜான்சன் அண்டு ஜான்சன் 220 கோடிக்கு மேல். ரிஸ்பெர்டால் என்ற மனநோய் மருந்தை, நினைவு தப்பிய கிழவர்களையும் கிழவிகளையும் அடக்கி வைப்பதற்கு விற்ற விவகாரம் அதில் வருகிறது. இவ்வகை மருந்துகள் அம்மாதிரி முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005லேயே எச்சரித்திருந்தது.

பேசாத நாக்கு

இதே கம்பெனிகள் வேறு சில மருந்துகள் விஷயத்தில் மட்டும் திடீரென்று பத்தினி வேஷம் போடுகின்றன. காகிதத்தில் இல்லாத உபயோகமா, ஐயோ, கூடவே கூடாது என்கின்றன.

மைசோப்ராஸ்டால் என்று ஒரு மாத்திரை. வலி மாத்திரைகளைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிற்றில் வரும் புண்ணுக்கென்று, அமெரிக்காவில் ஸெர்ல் கம்பெனி 1988இல் அனுமதி பெற்றது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால்தான் உதிரம் கொட்டித் தாய் சாகிறாள். ஆக்ஸிடோசின் ஊசி இதற்கு நல்ல மருந்துதான். ஆனால் அதைக் குளிரில் வைக்கவேண்டும், ஊசி போடத் தெரிந்தவர் வேண்டும். மைசோப்ராஸ்டால் வெறும் மாத்திரை. ஐஸ் பெட்டி இல்லாத கிராமத்தில், நடவு வயலிலிருந்து நேரே பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

கம்பெனி என்ன செய்தது? 2000 ஆகஸ்டில் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதியது. கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். பிரசவ வலியைத் தூண்ட இதை உபயோகிப்பது பற்றி நாங்கள் ஆராயவுமில்லை, ஆராயப் போவதுமில்லை என்று அதில் சொன்னது. பிரசவத்துக்கு முன்பே, அளவு தெரியாமல் கொடுத்துக் கருப்பை கிழிந்த சம்பவங்கள் உண்டு. அந்த எச்சரிக்கை நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் அபாயம் இருக்கிறதென்று தெரிந்தால் எந்த அளவு நல்லது, எது கெட்டது என்று சோதித்துப் பார்ப்பதல்லவா முறை? அந்தச் செலவால் கம்பெனிக்கு ஆதாயமில்லை. மலிவான மாத்திரை, ஒரு பிரசவத்துக்கு ஒரு தடவை, வாங்குகிறவளோ ஏழை.

சோதனை நடந்தது கர்நாடகத்தின் பெல்காம் ஜில்லாவில். அங்குள்ள மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் பொதுப் பணத்தையும் தர்மப் பணத்தையும் கொண்டு 2002 முதல் 2005 வரை நடத்தினார்கள். 1,620 கிராமத்துப் பெண்கள். மருந்து கொடுத்தவர்கள் பெரிய டாக்டர்களல்ல, கிராமத்து நர்ஸுகள். பிள்ளை பிறந்தவுடன் பாதிப் பேருக்கு மைசோப்ராஸ்டால், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு அளவு மீறி உதிரம் போயிற்று. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 6 பேர் சொச்சம். பாதிக்குப் பாதி! 2006இல் இந்த முடிவு பிரசுரமானது. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம் பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்கைத் தடுக்கும் மருந்தாக மைசோப்ராஸ்டாலை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கம்பெனி கைவிட்ட வேலையைக் கிராமத்து நர்ஸுகள் செய்து முடித்தார்கள்.

தடுக்கிற நாக்கு

இனி கண்ணுக்கு வருவோம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உடலில் புற்றுக் கட்டி வளரும்போது தனக்கு ரத்தம் வேண்டுமென்று பக்கத்தில் புதுப் புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அதைத் தடுக்க அமெரிக்காவில் ஜெனென்டெக் கம்பெனி கண்டுபிடித்த மருந்து அவஸ்டின். 2004 பிப்ரவரியில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. வயதானவர்களின் விழித்திரை நடுவிலும் இதே மாதிரிக் கள்ளக் குழாய்கள் முளைத்துக் கசிவதுண்டு. முகம் தெரியாது, எழுத்து தெரியாது, ஓரப் பார்வை மட்டும் மிஞ்சும். சர்க்கரை நோயிலும் விழித்திரையில் கசிவு வருகிறது. கண்ணுக்கென்று அதே கம்பெனி அதே மூலத்திலிருந்து இன்னொரு மருந்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. அதன் பெயர் லூசென்டிஸ். இரண்டும் உடன்பிறந்த மருந்துகள். ஒன்று முழு உருவம், மற்றது அதன் துண்டு என்று வைத்துக் கொள்ளலாம்.

லூசென்டிஸ் இன்னும் கடைக்கு வரவில்லை. நோயாளிகளோ குருடாகிக் கொண்டிருக்கிறார்கள். 2005இல் மயாமி நகரத்துக் கண் டாக்டர் பிலிப் ரோஸன்ஃபெல்ட் என்பவர், கடையில் இருக்கிற அவஸ்டினில் ஒரு துளியைக் கண்ணுக்குள் செலுத்தினால் என்ன என்று துணிந்தார். செலுத்தினார். கசிவு வற்றியது, பார்வை தெளிந்தது. செய்தி பரவி, கண்டம் கண்டமாக டாக்டர்கள் அதைக் கையாளத் தொடங்கினார்கள். காகிதத்தில் கண் என்ற வார்த்தையே இல்லாத மருந்து!

2006 ஜூன் மாதம் லூசென்டிஸ் அனுமதி பெற்று வந்தது. அமெரிக்காவில் ஓர் ஊசியின் விலை ஏறக்குறைய 2,000 டாலர். அவஸ்டினில் ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 50 டாலர். நாற்பது மடங்கு! இது எப்படி? அவஸ்டின் புட்டியில் இருப்பது 4 மில்லி லிட்டர். கண்ணுக்குத் தேவை ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு புட்டியில் 80 கண். சிந்தல் சிதறல் போனாலும் பல பேருக்குக் காணும். ஒரு நோயாளியின் புற்றுநோய்க்கு வாங்குகிற புட்டியில் ஒரு தெருவுக்கே வைத்தியம் நடக்கும். இந்த வகுத்தல் கணக்குத்தான் கம்பெனியின் கண்ணில் விழுந்த துரும்பு.

2007 அக்டோபரில் ஜெனென்டெக் ஓர் அறிவிப்பு விட்டது. புட்டியைப் பிரித்துச் சின்ன ஊசிகளில் அடைத்துக் கொடுக்கும் மருந்தகங்களுக்கு இனி அவஸ்டின் விற்கமாட்டோம் என்றது. காரணம் கேட்டால் நோயாளிகளின் பாதுகாப்பு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கண் டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். டாக்டர்கள் தாங்களே வாங்கி மருந்தகங்களுக்கு அனுப்பிக் கொள்ளலாம் என்று டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது.

இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. யார் சோதிப்பார்கள்? 50 டாலர் மருந்து ஜெயித்துவிட்டால் 2,000 டாலர் மருந்து என்ன ஆவது? ஆகவே அமெரிக்க சர்க்காரின் தேசியக் கண் நிறுவனம் பொதுமக்களின் வரிப்பணத்தில் சோதனை நடத்தியது. சுமார் 1,200 நோயாளிகள். 2011இல் முடிவு வந்தது: பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம். ஆஸ்பத்திரியில் சேரும்படியான வேறு உபாதைகள் அவஸ்டின் தரப்பில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் அவற்றில் பல இம்மருந்தோடு சம்பந்தப்பட்டவை என்று முன்னர் கருதப்பட்டவை அல்ல. 2012இல் பிரிட்டிஷ் சோதனையும் வெளிவந்தது. அதிலும் பார்வையில் அவஸ்டின் பின்தங்கவில்லை. சர்க்கரை நோயால் பார்வை வெகுவாக மங்கியவர்களுக்கு மட்டும், ஐலியா என்ற இன்னொரு விலை உயர்ந்த மருந்து முதல் ஆண்டில் அவஸ்டினைவிட அதிகப் பலன் தந்தது என்று 2015இல் வேறொரு சோதனை சொன்னது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 2013இல் உலக சுகாதார ஸ்தாபனம் கண் மருந்தாக அவஸ்டினின் மூலப்பொருளை அத்தியாவசியப் பட்டியலில் ஏற்றியது.

அமெரிக்காவில் ஜெனென்டெக்கை முழுக்க வாங்கிவிட்ட முதலாளி ஸ்விட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி. அமெரிக்காவுக்கு வெளியே லூசென்டிஸை விற்பது அதே நாட்டின் நோவார்டிஸ் கம்பெனி. போட்டிக் கம்பெனிகள் என்று பெயர். ஆனால் ரோஷின் ஓட்டுப் பங்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று 2021 வரை நோவார்டிஸிடம் இருந்தது! 2014இல் இத்தாலியின் ஏகபோகத் தடுப்பு அதிகார சபை இந்த இரண்டு கம்பெனிகளையும் பிடித்தது. கண்ணுக்கு அவஸ்டின் ஆபத்தானது என்ற பயத்தைச் செயற்கையாகக் கிளப்பி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளை விலை உயர்ந்த மருந்தின் பக்கம் தள்ள இருவரும் கூடிப் பேசிச் செயல்பட்டார்கள் என்று தீர்ப்பளித்து, நோவார்டிஸுக்கு 9 கோடியே 20 லட்சம் யூரோ, ரோஷுக்கு 9 கோடியே 5 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2012இல் மட்டும் இத்தாலியின் பொது சுகாதாரத்துக்கு இதனால் நேர்ந்த கூடுதல் செலவு 4 கோடியே 50 லட்சம் யூரோ என்று அந்தச் சபை கணக்கிட்டது. 2019இல் இத்தாலியின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. வடகிழக்குப் பிரதேசத்துப் பொது சுகாதாரக் குழுக்கள் 12, தங்கள் நோயாளிகள் விரும்பினால் அவஸ்டினைத் தேர்ந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தன. அங்கே ஓர் ஊசி 28 பவுன். லூசென்டிஸ் 551 பவுன். நோவார்டிஸும், ஐலியாவை விற்கும் பேயரும் கோர்ட்டுக்குப் போயின. அனுமதி பெற்ற மருந்து இருக்கும்போது அனுமதி இல்லாததைக் கொடுப்பது சட்ட விரோதம் என்பது அவற்றின் வாதம். தன் மருந்தென்றால் காகிதம் எதற்கு என்கிறான், மலிவு மருந்தென்றால் காகிதம் எங்கே என்கிறான்! 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 2020இல் அப்பீலும் தோற்றது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் கண் டாக்டர்கள் அவஸ்டினைப் பரவலாக உபயோகிக்கிறார்கள். இதில் நிஜமான அபாயம் ஒன்று உண்டு. மருந்தில் அல்ல, பிரித்தெடுக்கிற கையில். ஒரு புட்டியை இருபது முப்பது ஊசிகளாகப் பிரிக்கும்போது அறையோ ஊசியோ கையோ சுத்தமில்லாவிட்டால், கிருமி நேரே கண்ணுக்குள் போகும். ஒரே நாளில் பல பேர் பார்வை இழப்பார்கள். 2011இல் மயாமியில் நடந்தது. 2023இல் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்தது. 2016 ஜனவரியில் அகமதாபாத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பல நோயாளிகளுக்குக் கண் கெட்டது. உடனே டில்லியின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர், அவஸ்டினைக் கண்ணுக்குப் போடக் கூடாதென்று மாகாணங்களுக்கு எச்சரிக்கை அனுப்பினார். ஏழை நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று கண் டாக்டர்களின் சங்கங்கள் முறையிட்டன. அதே ஆண்டில் அந்த உத்தரவு விலக்கிக் கொள்ளப்பட்டது.

பிரிக்கிற இடம் அசுத்தமென்றால் பிரிப்பதையே நிறுத்துவது வைத்தியமாகாது. சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் கிருமி நீக்கிய அறை அமைத்து, பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களை நியமித்து, அவஸ்டினைச் சின்ன ஊசிகளில் அடைத்து, கிருமி இல்லை என்று சோதித்து ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு புட்டிக்கு எத்தனை கண் என்று மேலே கணக்குப் போட்டோம். அந்த அறையின் செலவை அந்தக் கணக்கே கொடுத்துவிடும்.

பழைய மலிவு மருந்தைப் புது நோய்க்குச் சோதிக்கப் பொதுப் பணம் வேண்டும் என்பதற்குக் கொரோனாக் காலம் கண்கூடான சாட்சி. டெக்ஸாமெத்தசோன் என்பது பல பத்தாண்டுப் பழைய மருந்து, அடிமாட்டு விலை. 2020இல் பிரிட்டனில் பொதுப் பணத்தில் நடந்த சோதனையில், மூச்சுக் கருவியில் கிடந்தவர்களில் அதைப் பெறாதவர்கள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 29 பேர். அதே சோதனையில் மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் நிறுத்திப் பார்க்கப்பட்டது. பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. அதைத் தேடி உலகமே மருந்துக் கடைகளில் முட்டி மோதிய நாட்கள் நமக்கு நினைவிருக்கும். எது உதவும், எது உதவாது என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சொல்ல, விற்பதற்கு ஒன்றுமில்லாதவர்களால் முடிந்தது.

இங்கே சட்டம் எப்படி இருக்கிறது? 2019இல் வந்த புது மருந்து விதிகளின்படி, பழைய மருந்தானாலும் புது நோய்க்கு விற்பதென்றால் அதைப் புது மருந்தாகவே கருதி அனுமதி கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய சர்க்காரின் மருந்துத் துறை கம்பெனிகளுக்கான நடத்தை விதிகளை வெளியிட்டது. அனுமதிக்கு ஏற்பத்தான் மருந்தை விளம்பரம் செய்யலாம், டாக்டருக்கு அன்பளிப்பு கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. படித்தால் வயிறு குளிர்கிறது. ஆனால் விதியை மீறினால் புகார் யாரிடம் கொடுப்பது? கம்பெனிகளின் சங்கமே அமைக்கிற ஒழுக்கக் கமிட்டியிடம்! மில் முதலாளி போனஸ் தராவிட்டால் மில் முதலாளிகள் சங்கத்திடம் போய் மனுக் கொடு என்பது போல.

நோயாளியின் பங்குக்கும் ஒன்று. இந்த மருந்து எதற்கு அனுமதி பெற்றது, எனக்கு எதற்காகக் கொடுக்கிறீர்கள், சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, இதைவிட மலிவானது உண்டா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால் நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். பெட்டிக்குள் இருக்கும் காகிதம் தமிழில் இருந்தால், அந்த எரிகிற காலோடு யாரும் வேலைக்குப் போக வேண்டியிராது. கண்ணில் ஊசி போடுவதற்கு முன் கையெழுத்து வாங்கும் தாளும் தமிழில், படித்துக் காட்டப்பட வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் தோல் பையோடு காத்து நிற்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதியை நாம் கம்பெனியின் ஆள் என்றே நினைக்கிறோம். அவரும் கூலிக்காரர்தான். மாதம் இத்தனை ரூபாய் விற்றாக வேண்டும் என்று தலையில் இலக்கைக் கட்டி அனுப்புகிறார்கள். விற்காவிட்டால் வேலை போகும். என்ன சொல்லி விற்கச் சொல்கிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் தனி ஆளாகக் கோர்ட்டுக்குப் போனார். இங்கே விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்தியச் சம்மேளனமே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் நீதிமன்றம் மத்திய சர்க்காருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மருந்துக் கம்பெனிகளின் நடத்தை விதிகளுக்குச் சட்டத்தின் பலம் வேண்டும், மீறுகிறவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்கிறது, அந்தக் கம்பெனிகளிடமே சம்பளம் வாங்குகிறவர்களின் மனு.